பெட்டி அடுக்கும் ஒற்றைப் பெட்டியும்

இசைக்குழு அமைக்கும் ஆர்வம் நம் இளைஞரிடம் என்றைக்கும் குறைந்ததில்லை. தோட்டத்து மண்டபமாயினும், பட்டணத்துத் திருமண மாளிகையாயினும், நான்கு பேர் கூடி ஒரு கிட்டாரும் ஒரு தபேலாவும் வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினால் ஊரே வந்து சூழ்ந்துகொள்ளும். அவ்வாறு கூடிய நால்வரிடம் சிறிது பணம் சேர்ந்தவுடன் எழுகின்ற முதற் கேள்வி, "அடுத்து எந்தப் பாட்டைப் பயிலலாம்?" என்பதன்று, "அடுத்து எந்தக் கருவியை வாங்கலாம்?" என்பதே. இக்கேள்வியைக் குறித்து என் அனுபவத்திலிருந்து சில சொல்ல விரும்புகின்றேன். இது வெறும் கருவிப் பேச்சு என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. வியர்வை சிந்திச் சேர்த்த காசை நம் மக்கள் எதை நம்பிச் செலவிடுகின்றனர்? காதை நம்பியா, கண்ணை நம்பியா, பிறர் வாயை நம்பியா? அந்த விஷயமும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

கருவிகளைப் பற்றி அறியாதவர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். மின் கிட்டாரின் தந்தியை மீட்டினால் தனியே எழும் ஓசை கொசுவின் ரீங்காரத்துக்கு மேலன்று. அதனைப் பெருக்கிக் காட்ட ஓர் ஆம்ப்ளிபையரும் ஒரு ஸ்பீக்கரும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி வைத்திருப்பது ஒரு வகை. கிட்டாரிலிருந்து ஒரு கம்பி அப்பெட்டிக்குச் செல்லும், பெட்டியின் முகத்தில் ஐந்தாறு திருகுகள் இருக்கும், அவ்வளவே. மற்றொரு வகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் இயந்திரம் உண்டு. ஓசையைத் தொடக்கத்தில் உருவாக்குவது ஒன்று. எதிரொலி தருவது ஒன்று. ஒரு கிட்டாரைப் பல கிட்டார்போல் விரித்துக் காட்டுவது ஒன்று. கோயில் மண்டபத்தில் வாசிப்பது போன்ற முழக்கம் தருவது ஒன்று. கடைசியில் வலுவூட்டுவது ஒன்று. இவற்றையெல்லாம் இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி வைப்பார்கள். இதற்கு ரேக் என்று பெயர். அதன் முகத்தகலம் 19 அங்குலம்; ஒரு தட்டின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம். இவ்வளவு தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்குவதற்காக ஏற்பட்டது. பின்னரே இசைக்கூடங்களுக்கு வந்தது.

1980களில் மேல்நாட்டுப் பெரிய குழுக்களிடையே இவ்வடுக்கு மிகவும் பரவியது. அதற்குக் காரணமும் உண்டு. பல நிறுவனங்கள் செய்த மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 'மிடி' என்னும் பொது ஏற்பாடு 1983இல் வந்தது. அதன் பின்னர், காலால் ஒரு விசையை மிதித்தால் அடுக்கிலுள்ள அத்தனை இயந்திரங்களும் ஒரே கணத்தில் அடுத்த பாட்டுக்குரிய நிலைக்கு மாறிவிடும். 1987இல் வந்த ஏடிஏ எம்பி-1 போன்ற கருவிகள் இவ்வசதியைக் கிட்டார்க்காரனின் காலடியிலேயே கொண்டுவந்து வைத்தன. ஓரிரவில் முப்பது வகை ஓசைகளை மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியவனுக்கும், பழுது பார்க்க ஓர் ஆளும் ஏற்றிச் செல்ல ஒரு லாரியும் உடையவனுக்கும் இது பெரிய வரப்பிரசாதம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஏற்றது நமக்கும் ஏற்றதா?

நிற்க. எங்கள் குழு பினாங்கு சூலியா தெருவிலுள்ள ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பயில்கின்றது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்காவும் இப்பகுதியில் இன்றும் அவர்களை நினைவூட்டிக்கொண்டு நிற்கின்றன. தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டால் எங்கள் வாத்தியங்கள் ஓய்ந்துவிடும்; அது எவரும் எழுதி வைக்காத சட்டம். முன்பு குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பலவற்றில் இன்று வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஆதலின் இரவில் உரக்க வாசிக்கவும் இயலாது. கீழே ஐந்தடி நடைபாதை. உள்ளே நுழைந்தால் ஓராள் மட்டுமே ஏறக்கூடிய செங்குத்தான மரப்படி. இப்படியின் அகலத்தை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

நாங்கள் ஐவர். இருவர் பட்டணத்தார், மூவர் கடலுக்கு அப்பால், செபராங் பிறையில் தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள். மூன்றாண்டுகள் திருமணங்களிலும் திருவிழா இரவுகளிலும் வாசித்துப் பொதுப்பணமாக ஆறாயிரம் ரிங்கிட் சேர்த்திருந்தோம். அந்நிலையில் ஒருவர் தம்மிடமிருந்த பழைய ரேக் அடுக்கு ஒன்றை, நான்கு இயந்திரங்களும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுமாக, விற்க முன்வந்தார். விலை எங்கள் கையிருப்புக்கு மேலும் இரண்டாயிரம். குழுவில் இளையவனான தம்பிக்கு அதைக் கண்டவுடன் கண்ணில் ஒளி வந்துவிட்டது. மேடையில் வரிசை வரிசையாகச் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மின்னும் என்பதை அவன் ஏற்கெனவே மனக்கண்ணில் பார்த்துவிட்டான். "அண்ணே, மீதிப் பணத்துக்கு நான் வழி செய்கிறேன்" என்றான். என்ன வழி என்று கேட்டதற்கு, அம்மாவின் கைவளையலை அடகு வைக்கலாம் என்றான்.

அந்த வளையலின் கதை எனக்குத் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியிலும் கொசுக்கடியிலும் பால்மரம் சீவிய கைகள் வாங்கிய வளையல் அது. அத்தோட்டத்தில் இன்று பால்மரம் இல்லை, செம்பனைதான் நிற்கின்றது. அந்த அம்மையாரின் உழைப்புக்குச் சாட்சியாக எஞ்சியிருப்பது வளையல் ஒன்றே. அதை அடகு வைப்பதைக் குறித்து அவரிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை. வீட்டுப் பெண்களின் நகையை ஆண்களின் அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமநிதியாக எண்ணும் பழக்கம் நம் சமூகத்தில் இன்னும் போகவில்லை.

குழுவில் இரண்டு கட்சி உண்டாயிற்று. ரேக் வேண்டும் என்றவர்கள், "பெரிய குழுக்கள் அதைத்தானே வைத்திருக்கின்றன?" என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், "நமக்கெதற்கு அவ்வளவு ஆடம்பரம்?" என்றார்கள். இரண்டுமே காரணங்கள் ஆகா. பெரியோர் செய்தார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்பதும், நமக்கு வழக்கமில்லை என்பதற்காக ஒன்றை மறுப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள். சூலியா தெருவிலும் அதனை அடுத்த தெருக்களிலும் பொன் வாங்கும் எவரும் அதை உரைத்துப் பாராமல் வாங்குவதில்லை. பொன்னுக்கு உரைகல் உண்டென்றால் ஓசைக்கும் ஓர் உரைகல் இருக்க வேண்டுமல்லவா? ஆகவே முதலில் கணக்குப் பார்ப்போம், பின்னர் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதற் கணக்கு, வலுவைப் பற்றியது. "இது 100 வாட்" என்று விற்பவர் சொல்லும்போது, 10 வாட் பெட்டியைப் போல் பத்து மடங்கு உரக்கக் கேட்கும் என்று நம்மவர் எண்ணிவிடுகின்றனர். உண்மை வேறு. மின்வலு இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் உயர வேண்டும். அதற்கு வலு பத்து மடங்கு வேண்டும். எனவே அதே ஸ்பீக்கரில் 100 வாட் என்பது 10 வாட்டைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு உரத்ததே. பெரிய மண்டபமாயின், சிறிய பெட்டியின் முன்னே ஒரு மைக்கை நிறுத்தி, மண்டபத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டாம் கணக்கு, கம்பிகளைப் பற்றியது. ஒற்றைப் பெட்டிக்குக் கிட்டார்க் கம்பி ஒன்றும் மின்கம்பி ஒன்றும் போதும். நாங்கள் பார்த்த அடுக்கிலோ பதினேழு கம்பிகள் இருந்தன. ஒவ்வொரு கம்பிக்கும் இரு முனை. ஒவ்வொரு முனையும் பழுதுபடக்கூடிய ஓரிடம். நம் நாட்டு ஈரக் காற்றில் செருகுமுனைகள் விரைவில் களிம்பேறும். அன்றியும், பல இயந்திரங்கள் பல வழிகளில் நிலத்தொடர்பு கொள்ளும்போது, மின்சாரத்தின் 50 சுற்று அதிர்வும் அதன் மடங்குகளும் 'ம்ம்ம்' என்ற முனகலாக ஓசையில் கலந்துவிடும். தோட்டத்து மண்டபத்தில் நீண்ட நீட்டிப்புக் கம்பியில் விளக்கும் விசிறியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து தொங்கும்போது மின்னழுத்தம் தாழ்வதுண்டு. ஒற்றைப் பெட்டி அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். எண்முறை இயந்திரமோ சில வேளைகளில் பாட்டின் நடுவில் நின்று, மீண்டும் தொடக்கத்திலிருந்து விழித்தெழும். மேலும் 1980களில் செய்த இயந்திரங்களின் உறுப்புகள் பல இன்று உற்பத்தியில் இல்லை. பழுதானால் யாரிடம் கொண்டு செல்வது?

மூன்றாம் கணக்கு, சுமையைப் பற்றியது. ரேக் அடுக்கை எங்கள் மரப்படியில் ஏற்ற நான்கு ஆள் வேண்டும். படியோ ஓராளுக்கே இடந்தரும். கடல் கடப்பதும் முன்போலில்லை. கார்களை ஏற்றிச் சென்ற பழைய பெரும் பெரிகள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்ந்தன. 2023இல் வந்த புதிய பெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்கின்றன. ஆகவே அடுக்கைக் கொண்டுசெல்ல ஒவ்வொரு முறையும் வேன் பிடித்து, 1985இல் திறந்த பாலத்தின் வழியே 13.5 கிலோமீட்டர் சுற்றிச் செல்லல் வேண்டும். சிறிய ஒற்றைப் பெட்டியோ மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டப்பட்டு, பெரியில் ஏறி, அரைமணியில் அக்கரை சேர்ந்துவிடும். வேன் வாடகை யாருடைய கூலியிலிருந்து கழியும் என்பதை ரேக் கட்சியார் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

இவ்வளவு கணக்கும் ஒருபுறம் இருக்க, ஓசை உண்மையிலேயே மேலானதாயின் இத்தொல்லைகளைப் பொறுக்கத்தான் வேண்டும். அதனால் உரைகல்லைத் தேடினோம். விற்பவர் ஒரு மாலைப் பொழுதுக்கு அடுக்கைத் தர இசைந்தார். நண்பர் ஒருவர் தம் ஒற்றைப் பெட்டியைத் தந்தார். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும், சுருள்வில்லின் அதிர்வால் முழக்கம் தரும் அமைப்பும் உடையது அது. இரண்டையும் அக்கரைத் தோட்டத்து மண்டபத்துக்குக் கொண்டுசென்று மேடையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினோம். பன்னிருவர் கேட்க அமர்ந்தனர். நான்கு பாட்டுகள்; ஒவ்வொன்றும் இருமுறை, ஒருமுறை இதிலும் ஒருமுறை அதிலுமாக, முறையை மாற்றி மாற்றி வாசித்தேன். இரண்டின் உரத்தையும் முன்னரே சமப்படுத்திக்கொண்டோம். ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பதை மேலானது என்று எண்ணிவிடுவது மனிதக் காதின் இயல்பு. விற்பனைக்காரர் பலருக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். தம்பியின் தாயாரையும் அழைத்து வந்தோம். அவர் கடைசி வரிசையில், கதவோரம் அமர்ந்தார்.

முடிவு இரு கட்சிக்கும் முழு வெற்றியாக இல்லை. மூன்று பாட்டுகளில் கேட்டோர் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்தனர். காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வாறே வந்திருக்கும். நான்காவது, மெதுவாகச் செல்லும் ஒரு காதற் பாட்டு. அதில் பன்னிருவரில் ஒன்பதின்மர் ரேக்கையே தெரிந்தெடுத்தனர். ஏன் என்று ஆராய்ந்தபோது, நான்கு இயந்திரங்களில் எதிரொலி தரும் ஒன்றே அவர்களை ஈர்த்தது என்பது விளங்கிற்று. மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வாசித்தபோது எவரும் வேற்றுமை காணவில்லை.

பின்னர் அந்த அம்மையாரிடம் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. மூன்றாவது பாட்டு இரண்டாந் தரம் பாடினபோது காதுக்கு இனிப்பாய்த்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் என்ன சொல்லிப் பாடினாள் என்றுதான் விளங்கவில்லை."

எங்கள் ஐவரில் எவரும் காணாத ஒன்றை அவர் கண்டார். அம்மண்டபத்துக்குச் சிமெண்டுத் தரை, தகரக் கூரை. ஓசை ஏற்கெனவே சுவருக்குச் சுவர் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் இயந்திரமும் முழக்கத்தைக் கூட்டியபோது, கிட்டாரின் நீண்ட ஓசை பாடகியின் குரல் நிற்கும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. மேடையில் நிற்பவனுக்கு அது இனிமை. கடைசி வரிசைக்கு அது மூடுபனி. தமிழ்ப் பாட்டைக் கேட்க வருகின்றவர் சொல்லையும் கேட்கவே வருகின்றார். சொல்லை விழுங்கும் ஓசை, எத்துணை விலையுயர்ந்ததாயினும், அவருக்கு இடைஞ்சலே.

ஆகவே முடிவு எளிதாயிற்று. ஒற்றைப் பெட்டி ஒன்று, காலால் மிதிக்கும் சிறிய எதிரொலிப் பெட்டி ஒன்று, மாற்றுக் கம்பி இரண்டு, இவ்வளவே வாங்கினோம். மீந்த பணத்தில் ஒரு பகுதியைப் பழுதுச் செலவுக்கு ஒதுக்கினோம். மற்றொரு பகுதிக்கு, தோட்டத்துப் பிள்ளைகள் பயில்வதற்காக இரண்டு சாதாரணக் கிட்டார்கள் வந்தன. வளையல் கையிலேயே இருக்கின்றது.

இதனால் எங்களுக்கு நட்டமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். சென்ற ஆண்டு ஒரு திருமணத்தார் எங்களை விடுத்து வேறொரு குழுவை அமர்த்தினர். "அவர்கள் மேடை பார்க்கப் பெரிதாய் இருக்கிறது" என்பதே அவர்கள் சொன்ன காரணம். தம்பிக்கு அது இன்னும் மனக்குறைதான். கண்ணால் இசை கேட்பவர்கள் உலகில் இருக்கும்வரை இத்தகைய நட்டம் இருந்தே தீரும். ஆயினும் கடன் பட்டு அவர்கள் கண்ணை நிரப்புவதைக் காட்டிலும், அந்த ஒருநாள் கூலியை இழப்பது மலிவு என்பது என் துணிபு.

இசை வரலாறும் இதற்குச் சான்று தருகின்றது. 1960இல் ஆங்கில நாட்டு ஷேடோஸ் குழு இசைத்த 'அப்பாச்சி' என்னும் வாத்திய இசை உலகெங்கும் பரவியது. அதில் ஹேங்க் மார்வின் பயன்படுத்தியது ஒரு வாக்ஸ் ஆம்ப்ளிபையரும், நாடாவில் எதிரொலி தரும் ஒரு கருவியுமே. 1961இல் கிளிஃப் ரிச்சர்டுடன் அக்குழு சிங்கப்பூருக்கு வந்து வாசித்தபின், இந்நாடுகளில் இளைஞர் கிட்டார்க் குழுக்கள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. நம் பினாங்கிலேயே 1960களின் இறுதியில் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர் இருவர் பாடினர். ஹாங்காங் வரை சென்று பாடி, பின்னர் மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுவதும் பெயர் பெற்றனர். லோகநாதன் 2007இல் மறைந்தார். இன்றும் அக்குழுவைப் பற்றிப் பேசும் முதியோர் அவர்கள் குரலைச் சொல்வார்கள், சுருண்ட தலைமுடியைச் சொல்வார்கள். எந்த இயந்திரத்தை வைத்திருந்தார்கள் என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை நினையுங்கள். இளையராஜாவின் இசையில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டாரை நாற்பதாண்டு கடந்தும் நம் பிள்ளைகள் கற்க முயல்கின்றனர். அவர்களைத் தடுமாறச் செய்வது விரல், இயந்திரமன்று.

"இது முன்னேற்றத்துக்கு விரோதமான பேச்சு அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. ஒற்றைப் பெட்டியும் விஞ்ஞானத்தின் பிள்ளைதான். இரண்டு ஸ்பீக்கரில், ஒன்றில் நேரான ஓசையும் மற்றொன்றில் சற்றே அசைந்த ஓசையும் விட்டு, காற்றிலேயே கலக்கச் செய்யும் ரோலண்ட் ஜேசி-120 என்னும் பெட்டி 1975இல் வந்தது. அந்த அறிவு நுட்பத்தை வியவாதார் யார்? 1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' முதலாக, அடுக்கு முழுவதையும் கைப்பிடி அளவில் சுருக்கிப் போலச் செய்யும் எண்முறைக் கருவிகளும் பெருகியுள்ளன. வேண்டியவர் அவற்றையும் வாங்கலாம். ஆனால் நூறு ஓசைகளைச் சேர்த்துத் தருகின்ற கருவி, அவற்றுள் எது இப்பாட்டுக்கு வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவைச் சேர்த்துத் தருவதில்லை. ஒரு கருவி ஏன் அவ்வாறு ஒலிக்கின்றது என்று அறிந்து வாங்குவதே விஞ்ஞான மனப்பான்மை. விளக்கு மின்னுகின்றது என்று வாங்குவது பழைய பூசாரியிடமிருந்து புதிய பூசாரியிடம் போய்ச் சேர்வதாகும்.

ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள இளந் தோழர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வாங்குமுன் திரையிட்டுக் கேளுங்கள். மேடையிலிருந்து கேளாமல் கடைசி வரிசையிலிருந்து கேளுங்கள். ஒவ்வோர் இயந்திரத்தையும் நிறுத்திப் பார்த்து, அது இல்லாதபோது எது குறைகின்றது என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால் அது கடைக்காரரிடமே இருக்கட்டும். தூக்கிச் செல்லவும் திறந்து பார்க்கவும் உங்களால் இயலும் கருவி உங்களுக்கு ஊழியம் செய்யும். இயலாத கருவிக்கு நீங்கள் ஊழியம் செய்ய நேரும். வீட்டுப் பெண்களின் பொருளைத் தொட வேண்டி வருமாயின், முதலில் அவர்களை அழைத்து வந்து பாட்டைக் கேட்கச் செய்யுங்கள். கேட்டபின் அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.